நுங்குப் பதநீர்

நுங்குப் பதநீர் என்பது பனை மரத்தின் பாளையிலிருந்து இறக்கப்படும் பதநீரில் நுங்குச் சுளைகளையும், பெரும்பாலும் மாங்காய்த் துண்டுகளையும் இட்டுப் பருகப்படும் கோடைக்காலக் கலவைப் பானம் ஆகும். தமிழகத்தின் தென் மாவட்டங்களான விருதுநகர், தூத்துக்குடி, திருநெல்வேலி, இராமநாதபுரம், கன்னியாகுமரி ஆகியவற்றில் இது பரவலாக அருந்தப்படுகிறது. மதுரையிலிருந்து சாத்தூர், கோவில்பட்டி வழியாகத் திருநெல்வேலி செல்லும் நெடுஞ்சாலையில் பங்குனி முதல் ஆனி வரை பயணம் செய்வோர், சாலையோர மர நிழலில் பானையும் ஓலைப்பட்டையும் வைத்து இதனை விற்போரைக் காணலாம்.

உலகின் பல பகுதிகளில் பழச்சுவைக் கலவைப் பானம் என்றால் ஓட்கா போன்ற வடிமதுவில் பழச்சாறு சேர்த்து ஆக்கப்படும் காக்டெயில் வகைகளே நினைவுக்கு வரும். நுங்குப் பதநீரும் ஒரு பழக் கலவையே. ஆனால் இதன் அடிநீர்மம் மதுவாக மாறக்கூடியது; மாறாமல் தடுத்து வைக்கப்பட்டது. கலயத்தின் உட்புறம் பூசப்படும் சுண்ணாம்பே அவ்வாறு தடுத்து வைக்கிறது. சுண்ணாம்பு பூசாத கலயத்தில் இறங்கும் அதே சாறு கள் ஆகும். தமிழ்நாட்டில் முதலாவது சட்டத்திற்கு உட்பட்ட பானம். இரண்டாவது 1987 முதல் தடை செய்யப்பட்ட பொருள்.

பெயர்

பதநீர் என்னும் சொல் பொதுவாகப் பதம், நீர் எனப் பிரித்துப் பொருள் கொள்ளப்படுகிறது. நெல்லைச் சீமைப் பேச்சு வழக்கில் இது பதனி எனவும், பயினி எனவும் திரிந்து வழங்கும். கொங்கு நாட்டில் தெளுவு என்பர். கன்னியாகுமரி மாவட்டத்தில் அக்கானி என்றும், யாழ்ப்பாணத்தில் கருப்பநீர் என்றும் பெயர். வட இந்தியாவில் வழங்கும் நீரா என்னும் சொல் தமிழ்நாட்டில் இப்போது பெரும்பாலும் தென்னையிலிருந்து இறக்கப்படும் சாற்றைக் குறிக்கிறது.

பனையும் பாளையும்

பனை தமிழ்நாட்டின் மாநில மரம் ஆகும். இதில் ஆண் மரமும் பெண் மரமும் தனித்தனியே வளர்கின்றன. ஆண் மரத்தை அலகுப்பனை என்றும் பெண் மரத்தைப் பருவப்பனை என்றும் அழைப்பர். இளம் பனைக்கு வடலி என்று பெயர். நட்டுப் பன்னிரண்டு ஆண்டுகளுக்கும் மேலான பின்னரே பனை பாளை விடத் தொடங்குகிறது. எனவே பாட்டன் நட்ட விதையில் பேரன் பதநீர் குடிப்பான் என்று ஊர்ப்புறத்தில் கூறுவது பெரிய மிகையன்று.

பதநீர் இரு வகை மரங்களிலிருந்தும் கிடைக்கும். நுங்கோ பெண் மரத்தில் மட்டுமே காய்க்கும். மேலும், சாறு இறக்குவதற்காகச் சீவப்படும் பெண் பாளை நுங்கு தராது. ஆகவே ஒரு பட்டையில் ஒன்றாகக் கிடக்கும் பதநீரும் நுங்கும் வெவ்வேறு பாளைகளிலிருந்து, பெரும்பாலும் வெவ்வேறு மரங்களிலிருந்து வந்தவை. பனை உடையவர் ஒவ்வொரு பருவத் தொடக்கத்திலும் எந்தப் பருவப்பனையைச் சீவுவது, எதனை நுங்குக்கு விடுவது என்று முடிவு செய்ய வேண்டியுள்ளது.

நுங்கு என்பது முற்றாத பனங்காயினுள் இருக்கும் இளம் விதையின் கூழ் போன்ற பகுதி. ஒரு காயில் வழக்கமாக மூன்று கண்கள் இருக்கும். இரண்டும் ஒன்றும் உள்ள காய்களும் உண்டு. மிக இளசாக இருந்தால் உள்ளே நீர் மிகுதியாகவும் சதை மெல்லியதாகவும் இருக்கும். முற்ற முற்றச் சதை கடினமாகி, தேங்காயை ஒத்த நிலையை அடையும். கலவைக்கு ஏற்றது பெருவிரலால் அழுத்தினால் குழியும் பருவமே. வெயில் உச்சத்தை எட்டும் சித்திரை, வைகாசி மாதங்களில் இப்பருவம் அமைகிறது.

இறக்கும் முறை

தை, மாசி மாதங்களில் மரத்தில் உலர்ந்த மட்டைகளைக் களைந்து பனையேறிகள் பணியைத் தொடங்குவர். ஆண் மரத்தில் விரல்கள் போல நீண்டிருக்கும் பூந்தண்டுகளைச் சேர்த்துக் கட்டி, இடுக்கி எனப்படும் மரக்கருவியால் நசுக்கிப் பதப்படுத்துவர். சில நாட்கள் தொடர்ந்து இவ்வாறு செய்த பின்னர் நுனியைப் பாளை அரிவாளால் மெல்லிய சீவலாகச் சீவினால் சாறு சொட்டத் தொடங்கும். அதன் பின் நாள்தோறும் சீவி வர வேண்டும். ஒரு நாள் தவறினாலும் வெட்டுவாய் காய்ந்து சாறு குறையும். பனையேறிக்குப் பருவக் காலத்தில் விடுமுறை இல்லாததற்கு இதுவே காரணம்.

மாலையில் பாளையைச் சீவிக் கலயம் கட்டுவர்; விடியற்காலையில் ஏறிச் சாற்றைக் குடுவையில் ஊற்றிக் கொண்டு இறங்குவர். குறைந்தது நாளுக்கு இருமுறை ஒவ்வொரு மரமும் ஏறப்பட வேண்டும். ஒருவர் 12 மீட்டர் உயரமுள்ள 30 மரங்களை நாளுக்கு இருமுறை ஏறுகிறார் என்று கொண்டால், அவர் ஒரு நாளில் ஏறும் மொத்த உயரம் 720 மீட்டர் ஆகும். இறங்குவது வேறு. காலில் மாட்டும் தளைநார், மரத்தில் சாய்த்து ஏறத் தொடங்க உதவும் முருக்குத்தடி, இடுப்பில் கட்டிய அரிவாள் பெட்டி ஆகியவற்றைத் தவிரப் பெரும்பாலோரிடம் வேறு பாதுகாப்புக் கருவி எதுவும் இருப்பதில்லை. தவறி விழுந்து உயிரிழந்தோரும் முதுகெலும்பு முறிந்து படுக்கையில் கிடப்போரும் பனை உள்ள ஊர்களில் அறியப்படாதவர்கள் அல்லர்.

சுண்ணாம்பின் பங்கு

பாளையிலிருந்து சொட்டும் புதிய சாற்றில் ஏறத்தாழ 10 முதல் 15 விழுக்காடு சர்க்கரை உள்ளது. இதில் பெரும்பகுதி கரும்பில் உள்ள அதே சுக்குரோசு. காற்றிலும் பாளையிலும் பழைய கலயத்தின் சுவரிலும் உள்ள ஈஸ்ட்டுகளும் பாக்டீரியாக்களும் சாறு சொட்டும் போதே அதில் குடியேறிவிடுகின்றன. சாத்தூரின் கோடை வெப்பத்தில் அவை பெருகுவதற்கு ஓரிரவு மிகப் போதுமானது.

கலயத்தினுள் பூசப்படும் நீற்றுச் சுண்ணாம்பு வேதியியல் நோக்கில் கால்சியம் ஐதராக்சைடு ஆகும். இது வன்மையான காரப்பொருள். நொதித்தலை நிகழ்த்தும் ஈஸ்ட்டுகள் சற்றே புளிப்பான, அதாவது அமிலத்தன்மையுள்ள சூழலில்தான் செழித்து வளரும். சுண்ணாம்பு சாற்றைக் காரத்தன்மைக்கு மாற்றி அவற்றை முடக்குகிறது. சர்க்கரை சர்க்கரையாகவே நிற்கிறது. சுண்ணாம்பு குறைந்தால் சாறு விடிவதற்குள் புளிக்கும். கூடினால் நாக்கில் காரல் தோன்றும். எந்தக் கலயத்திற்கு எவ்வளவு தடவ வேண்டும் என்பது அளவுகோல் கொண்டு அன்றி, விரல் பழக்கத்தாலேயே நடைபெறுகிறது. வெப்பம் மிகுந்த நாட்களிலும் மேகமூட்டமான நாட்களிலும் இவ்வளவு மாறும்.

கள்ளாக மாறுதல்

சுண்ணாம்பு இல்லாத சாற்றில் ஒரு மூலக்கூறு சுக்குரோசு நீரை ஏற்று உடைந்து, நான்கு மூலக்கூறு எத்தனாலையும் நான்கு மூலக்கூறு கரியமில வாயுவையும் தருகிறது. எடையில் கூறினால் 342 கிராம் சுக்குரோசு 184 கிராம் எத்தனாலாக மாறலாம். 100 மில்லிலிட்டர் சாற்றில் 12 கிராம் சர்க்கரை இருப்பின், அதிலிருந்து அதிக அளவாக ஏறத்தாழ 6.5 கிராம், அதாவது 8 மில்லிலிட்டர் எத்தனால் உண்டாகும். நடைமுறையில் சர்க்கரை முழுவதும் மாறுவதில்லை. ஒரு பகுதி இலாக்டிக் அமிலமாகவும் பிற பொருள்களாகவும் போகிறது. எனவே கள்ளில் பொதுவாக 4 முதல் 6 விழுக்காடு எத்தனாலே காணப்படும். மேலும் வைத்திருந்தால் அசிட்டிக் அமில பாக்டீரியாக்கள் எத்தனாலைப் புளிக்காடியாக மாற்றிவிடும்.

இக்கணக்கிலிருந்து வீட்டுக்குப் பயன்படும் செய்தி ஒன்றும் கிடைக்கிறது. ஒரு லிட்டர் பதநீரில் உள்ள 120 கிராம் சர்க்கரை முழுவதும் நொதித்தால் வெளிப்படும் கரியமில வாயுவின் கொள்ளளவு அறை வெப்பத்தில் ஏறத்தாழ 34 லிட்டர். இதில் ஒரு சிறு பங்கு வெளிப்பட்டாலே இறுக மூடிய கண்ணாடிப் புட்டி தாங்காது. அடைத்து வைத்த இடத்தில் வாயு பெருகினால் என்ன நேரும் என்பதைச் சிவகாசி வட்டாரத்தாருக்குத் தனியே விளக்க வேண்டியதில்லை.

வீட்டில் தயாரித்தல்

நால்வருக்கு ஒரு லிட்டர் பதநீர், ஆறு முதல் எட்டு நுங்குச் சுளைகள், நடுத்தர அளவுள்ள மாங்காயில் பாதி ஆகியன போதும். சர்க்கரை சேர்ப்பதில்லை. உப்பும் சேர்ப்பதில்லை.

பதநீரை வாங்கி வந்தவுடன் கால் மணி நேரம் அசையாமல் வைக்க வேண்டும். கரையாத சுண்ணாம்பு அடியில் வெண்படிவாகத் தங்கும். மேலே தெளிந்ததை மட்டும் மெல்லச் சாய்த்து, வெள்ளைத் துணியில் வடிகட்டிக் கொள்ள வேண்டும். அடிமண்டியைப் பிழிந்து சேர்ப்பது சிக்கனம் போலத் தோன்றினாலும் சுவையைக் கெடுத்துவிடும். அலுமினியப் பாத்திரத்தைத் தவிர்ப்பது அவசியம். சுண்ணாம்பின் காரம் அலுமினியத்தை அரிக்கும். மண்பானை, கண்ணாடி, துருவேறா எஃகு ஆகியவை ஏற்றவை.

நுங்கின் மேலுள்ள வெளிர்பழுப்புத் தோல் துவர்ப்புடையது. கடையில் விற்போர் தோலோடு தருவர். சிறுவர்களுக்குக் கொடுப்பதாயின் உரித்துவிடுவது நல்லது. உரித்த சுளைகளைக் கத்தியால் நறுக்குவதைவிடக் கையால் பிசைந்து விடுவதே வழக்கம். அவ்வாறு செய்கையில் சுளையினுள் இருக்கும் இனிய நீர் வீணாகாமல் பானத்திலேயே சேரும். மின்அரைவையில் இட்டால் கூழாகிவிடும். குடிக்கும் போது பல்லில் படும் நுங்குத் துண்டே இப்பானத்தின் பாதிச் சுவை என்பதால் அது பரிந்துரைக்கத்தக்கதன்று.

மாங்காயைத் தோலுடன் பொடியாக நறுக்கிக் கடைசியாகச் சேர்க்க வேண்டும். இதற்கு வேதியியல் காரணம் உள்ளது. மாங்காயின் புளிப்புக்குக் காரணம் சிட்ரிக் அமிலம் முதலான பழ அமிலங்கள். அவை பதநீரில் எஞ்சியிருக்கும் சுண்ணாம்பின் காரத்தன்மையை ஓரளவு நடுநிலையாக்குகின்றன. காரல் மறைந்து இனிப்பு துலங்கித் தெரிவது இதனாலேயே. ஆனால் அதே வேளையில் நொதித்தலைத் தடுத்து நின்ற காவலும் தளர்கிறது. எனவே மாங்காய் சேர்த்த பதநீரை எடுத்து வைக்கக் கூடாது. சேர்த்த உடன் குடித்துவிட வேண்டும். எலுமிச்சையும் இதையே செய்யும், ஆனால் அதன் மணம் பதநீரின் மணத்தை விழுங்கிவிடுகிறது. பனிக்கட்டியும் தேவையில்லை. பானையை ஈரத்துணியால் சுற்றி நிழலில் வைத்தாலே வேண்டிய குளிர்ச்சி கிடைக்கும்.

மாங்காய் சேர்க்காத பதநீரைக் குளிர்பெட்டியில் தளர்வாக மூடி வைத்து அன்றைக்குள் பயன்படுத்தலாம். குளிர் நொதித்தலைத் தாமதப்படுத்துமே அன்றி நிறுத்தாது. குழந்தைகளுக்கோ கருவுற்றோருக்கோ கொடுக்கும் முன் முகர்ந்து பார்க்க வேண்டும். புளித்த வாடையும் மேலெழும் நுரையும் இருப்பின் அது பதநீர் நிலையைக் கடந்துவிட்டது.

ஊர்ப்புறத்தில் ஓலைப்பட்டையில் அருந்தும் முறையே சிறப்புடையதாகக் கருதப்படுகிறது. பச்சைப் பனையோலையை மடித்துக் கட்டிய பட்டையில் பதநீரை ஊற்றி, நுங்கையும் மாங்காயையும் அதிலேயே இட்டு, இரு கைகளாலும் ஏந்திக் குடிப்பர். ஓலையின் பச்சை மணம் பானத்தில் ஏறுவது கண்ணாடிக் குவளையில் கிடைக்காத ஒன்று.

தரம் அறிதல்

மஞ்சள் தூளைக் கொண்டு எளிய சோதனை ஒன்றைச் செய்யலாம். வெண்தட்டில் ஒரு சிட்டிகை மஞ்சளிட்டு, சில துளி பதநீரை விட வேண்டும். மஞ்சள் சிவந்தால் பதநீரில் இன்னும் காரத்தன்மை உள்ளது. அதாவது சுண்ணாம்பு காத்து நிற்கிறது. மஞ்சள் நிறம் மாறாவிடின் சுண்ணாம்பின் வலு தீர்ந்துவிட்டது, அல்லது தொடக்கத்திலேயே போதுமானதாக இல்லை. ஆரத்தித் தட்டில் மஞ்சளும் சுண்ணாம்பும் சேர்ந்து சிவப்பதும் இதே வினையால்தான்.

இச்சோதனை பானம் புளித்ததா என்பதைக் காட்டுமே தவிர, போலியா என்பதைக் காட்டாது. சர்க்கரை அல்லது சாக்கரின் கலந்த நீரில் சுண்ணாம்பைக் கரைத்துப் பதநீர் என்று விற்கும் மோசடி நெடுஞ்சாலைகளில் நடப்பதுண்டு. அதிலும் மஞ்சள் சிவக்கும். இதற்கு உறுதியான வீட்டுச் சோதனை இல்லை. பருவம் அல்லாத ஐப்பசி, கார்த்திகை மாதங்களில் தாராளமாகக் கிடைக்கும் பதநீரை ஐயுறுவதும், பனை நிற்கும் ஊரில் காலையில் வாங்குவதுமே வழி. நுங்குக்கு இத்தொல்லை இல்லை.

சத்துக் கணக்கில் நினைவில் கொள்ள வேண்டியது ஒன்று உண்டு. 200 மில்லிலிட்டர் குவளைப் பதநீரில் 20 முதல் 30 கிராம் வரை சர்க்கரை இருக்கலாம். இது புட்டியில் அடைத்த குளிர்பானங்களுக்கு ஒப்பானது அல்லது சற்று மிகுதியானது. இயற்கையானது என்பதால் நீரிழிவு நோயாளிகள் தயக்கமின்றி அருந்தலாம் என்று பரவலாக நிலவும் நம்பிக்கை தவறானது.

காய்ச்சாத மரச்சாற்றில் வௌவால்களால் வரும் கேடும் உண்டு. வங்காளதேசத்தில் 2001 முதல் பதிவான நிபா தீநுண்மித் தொற்றுகள் பலவற்றுக்கு, பழந்தின்னி வௌவால்கள் வாய்வைத்த ஈச்சஞ்சாறு காரணமாக இருந்தது கண்டறியப்பட்டது. அங்கு இரவில் சாறு சொட்டும் இடத்தை மூங்கில் தட்டியால் மூடும் முறை பரிந்துரைக்கப்படுகிறது. தமிழகப் பனையேறிகள் கலயத்தின் வாயை ஓலையாலோ வலையாலோ மூடிக் கட்டுவது இந்நோக்கிலும் நல்ல பழக்கமாகும்.

மதுக் கலவைகளுடன் ஒப்பீடு

இந்தியாவில் விற்கப்படும் ஓட்கா பெரும்பாலும் 42.8 விழுக்காடு எத்தனால் கொண்டது. 60 மில்லிலிட்டர் ஓட்காவில் உள்ள எத்தனால் 25.7 மில்லிலிட்டர். 5 விழுக்காட்டுக் கள்ளில் இதே அளவு எத்தனாலைப் பெற அரை லிட்டருக்குச் சற்று மேல் குடிக்க வேண்டும். பழச்சாற்றுடன் ஓட்கா கலக்கும் போது இனிப்பும் புளிப்பும் மதுவின் எரிவை மறைத்துவிடுகின்றன. ஆனால் அளவு குறைவதில்லை. ஒரு குவளை ஆரஞ்சுச் சாற்றில் எவ்வளவு ஓட்கா உள்ளது என்பதை நாக்கு அறிவிக்காது என்பதே இத்தகைய கலவைகளின் முதன்மையான ஆபத்து. வீட்டில் கலப்போர் கண்மதிப்பாக ஊற்றாமல் அளவுக் குவளையைப் பயன்படுத்த வேண்டும் என்று கூறப்படுவது இதனாலேயே. கள் இவ்வகையில் வேறுபட்டது. புளிப்பு ஏற ஏற அது தன் நிலையைத் தானே அறிவிக்கிறது.

பதநீரில் மது கலப்பது இங்கு வழக்கில் இல்லை.

சாத்தூரும் பனை வணிகமும்

சாத்தூர் வைப்பாற்றின் கரையில் அமைந்த ஊர். இன்று சேவுக்கும் வெள்ளரிக்கும் அறியப்படும் இவ்வூரின் வணிக வரலாற்றில் பனைக்கு நேரடித் தொடர்பு உண்டு. பத்தொன்பதாம் நூற்றாண்டில் தெற்கே பனைக்காடுகள் நிறைந்த பகுதிகளிலிருந்து நாடார் வணிகர்கள் மாட்டு வண்டிகளில் கருப்பட்டி, கருவாடு, உப்பு முதலியவற்றை ஏற்றிக் கொண்டு வடக்கே வந்தனர். வண்டிகளும் சரக்கும் இரவில் பாதுகாப்பாகத் தங்குவதற்குப் பேட்டைகள் அமைக்கப்பட்டன. அவ்வாறு வணிகர்கள் நிலைகொண்ட ஆறு ஊர்களாகச் சிவகாசி, விருதுநகர், சாத்தூர், அருப்புக்கோட்டை, பாளையம்பட்டி, திருமங்கலம் ஆகியவற்றை அமெரிக்க ஆய்வாளர் இராபர்ட் ஹார்ட்கிரேவ் 1969இல் வெளியான தம் நூலில் விரிவாக ஆராய்ந்துள்ளார். சரக்கின் மீது மகமை என்னும் பொதுநிதி வசூலிக்கப்பட்டு, அதிலிருந்து கிணறு, கோயில், பள்ளி முதலியன அமைந்தன.

பின்னாளில் இப்பகுதி தீப்பெட்டி, பட்டாசு, அச்சுத் தொழில்களுக்கு மாறியது. பதநீருக்கு மாற்றாக வந்த பானங்களும் இங்கேயே பிறந்தன. 1916இல் விருதுநகரில் பழனியப்ப நாடார் தொடங்கிய காளிமார்க் நிறுவனம், பின்னர் திராட்சைச் சுவையுடைய பவண்டோவால் தமிழகமெங்கும் அறியப்பட்டது. புட்டியில் அடைத்தால் மாதக்கணக்கில் கெடாதது சோடா. பதநீர் விற்பவருக்கோ மதியம் தாண்டினால் மிஞ்சியதைக் காய்ச்சிக் கருப்பட்டியாக்குவதைத் தவிர வேறு வழி இல்லை. சந்தையில் பதநீர் பின்தங்கியதற்கு இதைவிடப் பெரிய காரணம் தேட வேண்டியதில்லை.

வைப்பாறு கடலை அடையும் பகுதிக்கு அருகிலுள்ள வேம்பார் இன்றும் கருப்பட்டிக்குப் பெயர் பெற்றது. தெற்கே உடன்குடியின் பனங்கருப்பட்டி புவிசார் குறியீடு பெற்றுள்ளது.

சட்ட நிலை

இராசகோபாலாச்சாரி தலைமையிலான சென்னை மாகாண அரசு 1937 அக்டோபர் 1 அன்று சேலம் மாவட்டத்தில் மதுவிலக்கை முதன்முதலில் நடைமுறைப்படுத்தியது. 1948இல் அது மாகாணம் முழுமைக்கும் விரிவாக்கப்பட்டது. கள் இறக்கி வாழ்ந்தோருக்கு மாற்று வழியாகப் பதநீரும் கருப்பட்டியும் முன்வைக்கப்பட்டன. நொதித்தலைத் தடுக்கும் வகையில் பக்குவப்படுத்திய கலத்தில் இறக்கப்பட்டு, நொதிக்காமல் இருக்கும் சாறு கள்ளிலிருந்து வேறாகச் சட்டத்தில் கருதப்படுகிறது. ஆகவே சுண்ணாம்பு பனையேறிக்குச் சமையல் நுணுக்கம் மட்டுமன்று. அவர் குற்றவாளியா அல்லரா என்பதை முடிவு செய்யும் பொருளும் ஆகும். மழை பெய்து சுண்ணாம்பு கரைந்து போன கலயத்தை எண்ணிப் பார்த்தால் இதன் நடைமுறைச் சிக்கல் விளங்கும்.

1971இல் மதுவிலக்கு தளர்த்தப்பட்டுக் கள்ளுக்கடைகளும் சாராயக்கடைகளும் திறக்கப்பட்டன. 1974இல் அவை மூடப்பட்டன. 1981இல் மீண்டும் திறக்கப்பட்டு, 1987 சனவரி 1 முதல் மறுபடியும் மூடப்பட்டன. 1983இல் தொடங்கப்பட்ட தமிழ்நாடு மாநில வாணிபக் கழகம், அதாவது டாஸ்மாக், 2003 முதல் மதுவின் சில்லறை விற்பனையையும் தானே நடத்தி வருகிறது. அக்கடைகளில் ஓட்கா, பிராந்தி முதலிய வடிமதுக்கள் கிடைக்கின்றன. கள் கிடைக்காது. அண்டை மாநிலமான கேரளத்தில் உரிமம் பெற்ற கள்ளுக்கடைகள் இயங்குகின்றன.

42.8 விழுக்காடு மதுவை அரசே விற்கும் போது 5 விழுக்காடு மதுவை இறக்குவோரைத் தண்டிப்பது முறையன்று என்று கள் இறக்கும் உரிமை கோருவோர் வாதிடுகின்றனர். உழவர் அமைப்புகள் சிலவும் இதற்காகத் தொடர்ந்து போராடி வருகின்றன. சிறு அளவில் பல்லாயிரம் இடங்களில் இறக்கப்படும் கள்ளில் மயக்க மருந்துகள் கலக்கப்படுவதைக் கண்காணிக்க இயலாது, அதன் பாதிப்பு ஏழைகளையே சேரும் என்பது தடையை ஆதரிப்போரின் வாதம். 2024 சூனில் கள்ளக்குறிச்சியில் மெத்தனால் கலந்த சாராயம் குடித்து 60க்கும் மேற்பட்டோர் உயிரிழந்த பின்னர் இவ்விரு வாதங்களும் மேலும் வலுவாக எழுந்தன. அந்நிகழ்வில் உயிர் பறித்தது தொழிற்சாலைப் பயன்பாட்டுக்கான மெத்தனால். இயல்பாக நொதித்த மரச்சாறு அன்று. எனினும் கள்ளையும் கள்ளச்சாராயத்தையும் ஒரே பொருளாகக் கருதும் பேச்சு வழக்கு பத்திரிகைகளிலும் காணப்படுகிறது.

பனையேறிகளுக்கு இவ்விவாதத்தால் ஏற்படும் பயன் குறைவு. பதநீருக்கு விலை கிடைக்கும் பருவம் சில மாதங்களே. தொழிலில் உள்ளோர் பெரும்பாலும் நடுவயதைக் கடந்தவர்கள். பட்டாசு ஆலையிலும் அச்சகத்திலும் நிலத்தில் நின்றே கூலி பெற முடியும் போது, அவர்தம் பிள்ளைகள் மரமேற விரும்பாததைக் குறை கூற இயலாது. ஏற ஆளில்லாத பனைகள் செங்கல் சூளைகளுக்கு விறகாகப் போயின. 2021இல் தாக்கல் செய்யப்பட்ட தமிழ்நாட்டின் முதல் வேளாண் நிதிநிலை அறிக்கையில், பனை மரத்தை வெட்ட மாவட்ட ஆட்சியரின் அனுமதி கட்டாயம் என அறிவிக்கப்பட்டது. இதனால் மரம் காக்கப்படலாம்; ஏறுவோருக்கு வேறு ஏற்பாடு வேண்டும். மரமேறும் கருவிகள் பல உருவாக்கப்பட்டுள்ள போதிலும், கருக்கு நிறைந்த மட்டைகளைக் கடந்து பாளைக்குச் சென்று சீவும் பணியைக் கைதேர்ந்த மனிதரே இன்றும் செய்ய வேண்டியுள்ளது.

பிற நாடுகளில்

இலங்கையின் வட பகுதியில் கருப்பநீர் இதே முறையில் சுண்ணாம்பிட்ட முட்டிகளில் இறக்கப்படுகிறது. அங்கு பனை அபிவிருத்திச் சபை 1978இல் நிறுவப்பட்டது. கள் அங்கு உரிமத்தின் பேரில் அனுமதிக்கப்பட்ட பானம் என்பதால் இரண்டும் ஒரே ஊரில் அடுத்தடுத்து விற்கப்படுவதைக் காணலாம். கம்போடியாவில் பனை தேசிய மரமாகும். அங்கும் மூங்கில் குழாய்களில் சாறு இறக்கி இனிப்பாகவும் புளிக்க வைத்தும் அருந்துகின்றனர், வெல்லமும் காய்ச்சுகின்றனர். மியன்மரின் வறண்ட நடுப்பகுதியிலும் பனஞ்சாறு இறக்கும் தொழில் உள்ளது.